பாக்கெட்டா, பக்கெட்டா?

சட்டைப்பையில் அடங்கும் ஒல்லிக் கேமரா வாங்குவதா, தண்ணீரில் முக்கினாலும் அசராத முரட்டுக் கேமரா வாங்குவதா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த வாரப் பக்கம் முழுதும். அரசியல், சினிமா கேள்விகள் அடுத்த வாரம்வரை காத்திருக்கட்டும். அவை நமத்துப்போகிற சரக்கு இல்லை.

கே: ஒல்லியா, முரடா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லவும்.
– அவசரக்காரர், கோவை

ப: ஒல்லி.

கே: ஒரே வார்த்தையில் சொல்லாமல், எதை வைத்து முடிவு செய்வது என்று விளக்கமாகச் சொல்லவும்.
– நிதானஸ்தர், கும்பகோணம்

ப: உங்கள் பையில் ஏற்கெனவே ஒரு கேமரா இருக்கிறது, அதில் போனும் பேசலாம். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010இல் 12 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள், 2023இல் 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மீதியை விழுங்கியது அந்தப் போன்தான். ஆகவே இன்று காசு போட்டு வாங்குகிற கேமரா, போனால் முடியாத ஒன்றைச் செய்தாக வேண்டும். ஒன்று, போன் போக அஞ்சும் இடத்துக்குப் போக வேண்டும்: கடல், சேறு, மணல், மூன்று வயதுக் குழந்தையின் கை. இல்லையென்றால் போன் எடுக்கத் திணறும் படத்தை எடுக்க வேண்டும்: இருட்டு, தூரம். முதல் வேலை முரட்டுக் கேமராவுக்கு. இரண்டாவது ஒல்லிக்கு, அதுவும் எல்லா ஒல்லிக்கும் அல்ல. வருடத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் கேமரா நனையும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரலே மிஞ்சுகிறது என்றால் அவசரக்காரருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

கே: இரண்டும் சின்ன டப்பாதானே சார்? உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?
– எலெக்ட்ரிகல் கடை உரிமையாளர், விருதுநகர்

ப: லென்ஸைப் பாருங்கள், புரிந்துவிடும். ஒல்லிக் கேமராவில் சுவிட்சைப் போட்டதும் லென்ஸ் குழல் குழலாக வெளியே நீளும், அணைத்ததும் உள்ளே போகும். அந்தக் குழல்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. மெரினாவில் ஒரு காற்று அடித்தால் மணல் அங்கேதான் குடியேறும். பிறகு பாதி வழியில் குழல் முக்கி நிற்கும், திரையில் 'லென்ஸ் எரர்' என்று வரும், ரிப்பேர் செலவைக் கேட்டுவிட்டு நீங்கள் புதுக் கேமரா விலை விசாரிப்பீர்கள்.

முரட்டுக் கேமராவில் எதுவும் வெளியே நீளாது. ஒரு கண்ணாடிக்குப் பின்னால், உடம்புக்குள்ளேயே ஸூம் நடக்கும். பல மாடல்களில் உள்ளே ஒரு முப்பட்டகம் வெளிச்சத்தை 90 டிகிரி மடக்கிக் கீழே அனுப்பும். இந்த மடக்கு வித்தையை 2002இல் மினோல்டா தன் டிமாஜ் எக்ஸ் கேமராவில் கொண்டுவந்தது தண்ணீருக்காக அல்ல, ஒல்லியாக்குவதற்காக. ஒல்லிக்கென்று பிறந்த யுக்தி முரடனுக்குப் பிழைப்பாயிற்று. ஆனால் மடக்கி வைத்த இடத்துக்குள் பெரிய கண்ணாடி போகாது, பெரிய சென்சாரும் போகாது. ஸூம் 4 அல்லது 5 மடங்கோடு நின்றுவிடும். லென்ஸ் பல மாடல்களில் ஓரமாக, மூலையில் இருப்பதால் உங்கள் ஆள்காட்டி விரலும் அடிக்கடி குரூப் போட்டோவில் சேர்ந்துகொள்ளும்.

கே: கடைக்காரர் "அது 12 மெகாபிக்ஸல்தான், இது 20" என்கிறார். 20 தானே பெரிது?
– கணக்கு வாத்தியார், நாமக்கல்

ப: கணக்கு சரி, வாத்தியாரே, பாடம்தான் வேறு. முரட்டுக் கேமராக்களிலும் விலை குறைந்த ஒல்லிகளிலும் இருக்கும் சென்சார் சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. அந்தத் துண்டு நிலத்தை 12 பாகமாகப் பிரித்தாலும் 20 பாகமாகப் பிரித்தாலும் விழுகிற வெளிச்சம் அதேதான், பங்குதான் குறையும். ஒலிம்பஸ் 2015இல் விட்ட டிஜி-4 முரட்டுக் கேமராவில் 16 மெகாபிக்ஸல். 2017இல் டிஜி-5 வந்தபோது துணிந்து 12க்கு இறக்கினார்கள். இறக்கியது இருட்டுப் படங்களுக்கு நல்லதாகவே முடிந்தது.

நீங்கள் கேட்க வேண்டியது சென்சாரின் அளவை. '1 இஞ்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது 13.2க்கு 8.8 மி.மீ. (ஒரு இஞ்ச் எங்கே என்று ஸ்கேலோடு தேடாதீர்கள், அது பழைய டிவி கேமராக் குழல் காலத்துக் கணக்கு.) பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், முன்னதைப் போல நான்கு மடங்கு. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 இதை 240 கிராம் உடம்புக்குள் அடக்கியது. ரிக்கோவின் ஜிஆர் 3 இன்னும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது, பதிலுக்கு ஸூமைப் பிடுங்கிக்கொண்டது. ஒல்லி வாங்கினால் இந்த வகையில் வாங்குங்கள். சின்ன சென்சார் ஒல்லியை இன்று புதிதாக வாங்குவது, உங்கள் போனுக்கு அதைவிடச் சுமாரான ஒரு தம்பியை வாங்கித் தருவதாகும்.

கே: என் போன் ஐபி68. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். எனக்கெதற்கு வாட்டர்ப்ரூஃப் கேமரா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: 6 என்பது தூசிக்கு, 8 என்பது மூழ்குவதற்கு. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். ஐபோன் 12 முதல் பல மாடல்களுக்கு 6 மீட்டர், 30 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். இந்தச் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில், புது போனில். கோவளத்து அலை இந்த விதிமுறையைப் படித்ததில்லை. அதே கம்பெனி வாரண்டித் தாளில் தண்ணீர் புகுந்த கோளாறு எங்கள் பொறுப்பல்ல என்றும் எழுதிவைக்கிறது. தவறி விழுந்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். குளிக்கக் கூட்டிப்போக அனுமதிச் சீட்டு இல்லை.

அப்படியே துணிந்து இறங்கினாலும், தண்ணீருக்குள் தொடுதிரை உங்கள் விரலை மதிக்காது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் அதற்கு விரல்தான். கேமரா ஆப் மூடி, கால்குலேட்டர் திறந்து, மாமனாருக்கு மிஸ்டு கால் போயிருக்கும். முரட்டுக் கேமராவில் அழுத்துவதற்கு நிஜமான பட்டன் உண்டு, கையுறை போட்டாலும் வேலை செய்யும். இன்னொன்றையும் யோசியுங்கள்: கேமரா போனால் கேமராதான் போகும். போன் போனால் பேங்க், ஆதார், ஆபீஸ் ஓடிபி எல்லாம் சேர்ந்து போகும்.

கே: பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்கு பிளாஸ்டிக் பவுச் விற்கிறார்களே?
– சிக்கனக்காரர், கரூர்

ப: வாங்குங்கள். போனுக்குப் பதில் முதலில் ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ளே போட்டு மூடி அரை மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். பேப்பர் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

கே: அந்தமானுக்குப் போகிறோம், ஸ்கூபா உண்டு. டிஜி-7 முரட்டுக் கேமராவில் 15 மீட்டர் என்று போட்டிருக்கிறது. போதுமா?
– புதுமணத் தம்பதி, தஞ்சாவூர்

ப: வாழ்த்துகள். பயிற்சி இல்லாதவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் முதல் அனுபவ டைவில், ஸ்கூபா பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் உச்ச வரம்பே 12 மீட்டர்தான், ஆகவே போதும். பாடம் படித்து ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கினால் வரம்பு 18 மீட்டர். அங்கே இந்தக் கேமரா தனியாக வரக்கூடாது, அதற்கென்று விற்கும் கெட்டி உறைக்குள் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. 15க்கும் 18க்கும் மூன்று மீட்டர்தானே என்று வாஷரிடம் வாதம் செய்ய முடியாது.

ஆனால் முதல் டைவில் கேமரா வேண்டாம் என்பேன். மூச்சு விடுவதையும் மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்வதையும் அப்போதுதான் பழகுகிறீர்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். படம் எடுக்கப் பெரும்பாலும் கூட வருகிறவரே ஒரு கேமரா வைத்திருப்பார். உங்களுடையதை ஸ்நார்கெலிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பளவு தண்ணீரிலேயே மீன் வரும்.

தரையிலும் ஒரு கட்டுப்பாடு: அந்தமான் பெருஞ்சாலையில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். கேமரா ஒல்லியா, முரடா என்று போலீஸ் பார்க்காது.

கே: போன வருடம் கடலுக்குள் எடுத்த படமெல்லாம் நீலமாக, சோகையாக வந்தது. கேமராவில் கோளாறா?
– பல் மருத்துவர், நாகர்கோவில்

ப: கோளாறு கடலில், டாக்டர். வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் குடித்துவிடுகிறது. 5 மீட்டரிலேயே சிவப்பு மங்கிவிடும், 10 மீட்டரில் பெரும்பாலும் காணாமல் போகும். அங்கே விரலில் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். பயப்படாதீர்கள், குணம் மாறவில்லை, நிறம்தான். மேலிருந்து கீழே வரும் தூரம் மட்டுமல்ல, மீனிலிருந்து கேமராவுக்கு வரும் தூரமும் இதில் சேரும். ஆகவே நீருக்கடியில் படம் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கிட்டே போ, இன்னும் கிட்டே போ. தூரத்து மீனை ஸூம் போட்டு இழுத்தால் நடுவில் இருக்கும் நீலத்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள்.

கேமராவில் மீன் படம் போட்ட ஒரு நிலை இருக்கும், அதை வைத்தால் வெள்ளைச் சமநிலையைக் கடலுக்கேற்ப மாற்றிச் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றித்தரும். ஃப்ளாஷ் ஒரு அடி, இரண்டு அடிக்குள் உதவும். அதற்கு மேல் போனால் தண்ணீரில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. உங்கள் மீனுக்குப் பனி பெய்த மாதிரி இருக்கும். இன்னொரு விஷயம்: தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 25 மி.மீ. அகலக் கோணம் அங்கே 33 ஆகச் சுருங்கிவிடும். மனைவி முழுசாக ஃப்ரேமுக்குள் வரவில்லை என்றால் லென்ஸைக் குற்றம் சொல்லுங்கள், அவரைச் சொல்லாதீர்கள்.

கே: குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அருவிக்குள்ளே நின்று வீடியோ எடுக்கலாமா?
– பழைய பேருந்து நிலையம் பக்கத்தார், மதுரை

ப: 15 மீட்டர் தாங்கும் என்பது நின்ற தண்ணீரில் முக்கி எடுத்த தேர்ச்சி. மேலிருந்து அறைகிற தண்ணீருக்குத் தனிப் பரீட்சை. ஐபி எண்ணின் இரண்டாம் இலக்கத்தில் 5, 6 என்பவை பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. 7, 8 என்பவை மூழ்குவதற்கு. 8 வாங்கியவருக்கு 6 தானாகக் கிடைத்துவிடாது. ஓரமாகச் சாரலில் நின்று எடுங்கள், தாராளமாக. அருவியின் நடு முதுகில் காட்டாதீர்கள். அங்கே தண்ணீரைவிட எதிரி, பக்கத்தில் நிற்பவர் தலையிலிருந்து வழியும் நல்லெண்ணெய். லென்ஸ் கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டால் ஊரே மூடுபனியில் இருப்பது போல வரும். சோப்பு நுரையும் ஆகாது, ரப்பர் வாஷருக்குக் கேடு என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

கே: வீட்டுக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுவிடுவார். 2.1 மீட்டரிலிருந்து விழுந்தாலும் உடையாது என்கிறார்களே, நம்பலாமா?
– நொந்துபோனவர், ஈரோடு

ப: விழ வைத்துச் சோதிப்பது பெரும்பாலும் பலகை மேல். உங்கள் ஹாலில் கிரானைட். பாதி நம்பலாம். இன்னொரு விஷயம், விழுந்தபின் படம் எடுக்கிறது என்பதால் தண்ணீருக்கும் தகுதி என்று அர்த்தமில்லை. மூடி நூலளவு வளைந்திருந்தால் போதும். விழுந்த கேமராவைச் சோதித்துப் பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்காரரைக் கொண்டுபோகலாம்.

கே: வாட்டர்ப்ரூஃப் கேமரா தண்ணீரில் மிதக்குமா?
– நீச்சல் தெரியாதவர், சேலம்

ப: கால் கிலோ எடை. சமர்த்தாக அடிக்குப் போய் உட்காரும். ஆரஞ்சு நிறத்தில் மிதவை ஸ்ட்ராப் விற்கிறது, அதைக் கட்டிவிட்டு இறக்குங்கள்.

கே: பழைய முரட்டுக் கேமரா ஒன்று செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கும் கீழே வருகிறது. ஒரு கீறல்கூட இல்லை. வாங்கலாமா?
– கல்லூரி நூலகர், திருச்சி

ப: தரையில் பயன்படுத்த வாங்கலாம். தண்ணீரில் இறக்க வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் என்பது கேமராவின் குணமல்ல, பேட்டரி மூடியைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் வளையத்தின் குணம். உங்கள் வீட்டுக் குக்கர் கேஸ்கெட் எப்படியோ அப்படியே: பார்க்கப் புதுசாக இருக்கும், ஆனால் இறுகியிருக்கும், விசில் வராது. குக்கரில் போனால் சோறு வேகாது, இங்கே போனால் கேமரா வெந்துவிடும். வருடத்துக்கொரு முறை சர்வீஸில் கொடுத்து வளையத்தை மாற்றச் சொல்லித்தான் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. மாற்றுகிறவர்கள் அபூர்வம். விற்பவரிடம் கீறலை விசாரிக்காதீர்கள், கடைசியாக வாஷர் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

புதிதாக வாங்கினாலும் விலைக்கு முன் விசாரிக்க வேண்டியது, இதை நம் ஊரில் பிரித்து மாட்டத் தெரிந்த சர்வீஸ் சென்டர் எங்கே என்பது. கேனன், நிக்கான், பேனசோனிக் எல்லாம் ஒரு காலத்தில் முரடுகளை வரிசையாக இறக்கினார்கள். இப்போது அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள். ஒலிம்பஸ் கேமரா வியாபாரம் ஓஎம் சிஸ்டம் என்ற பெயருக்கு மாறி டிஜி வரிசையை நடத்துகிறது. ரிக்கோ-பென்டாக்ஸின் டபிள்யூஜி வரிசையும் இருக்கிறது. வேறு சில்லறைப் பெயர்களைத் தவிர்த்தால் களத்தில் கூட்டம் இல்லை.

கே: கடலில் இறக்கி எடுத்தபின் எப்படிப் பராமரிப்பது?
– ஜாக்கிரதைக்காரர், காரைக்கால்

ப: தலைப்பில் இருக்கும் பக்கெட் இதற்குத்தான். கரைக்கு வந்ததும், உப்பு காய்வதற்குள், மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீர் நிரம்பிய பக்கெட்டில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். ஊறும்போதே ஒவ்வொரு பட்டனையும் நாலைந்து தடவை அமுக்கிவிடுங்கள்; பட்டனுக்கடியில் உப்புக் கட்டினால் அடுத்த மாதம் ஷட்டர் அமுங்கின நிலையிலேயே நிற்கும். குழாயைத் திறந்துவிட்டு அடியில் காட்டாதீர்கள். பிறகு துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டு, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு திறங்கள், ஒட்டியிருக்கும் சொட்டு வெளியே விழட்டும்.

திறந்ததும் அந்தக் கறுப்பு வளையத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒரு மணல், ஒரு தலைமுடி, துண்டிலிருந்து ஒட்டிய ஒரு நூல்: இதில் எது இருந்தாலும் அடுத்த முழுக்கில் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். அடுத்த நாள் பேட்டரி, கார்டு மாற்றும் வேலையைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். லாட்ஜ் ஏ.சி. அறையிலேயே முடித்து மூடிவிடுங்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் லென்ஸுக்கு உள்பக்கம் ஆவி படியும். அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

கே: தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களுக்கு முரட்டுக் கேமராவால் பிரயோஜனம் உண்டா?
– வேளாண் கல்லூரி மாணவி, கிள்ளிகுளம்

ப: உங்களுக்கு உண்டு! 2014இல் வந்த டிஜி-3 முதல் அந்த வரிசையில் மைக்ரோஸ்கோப் நிலை என்று ஒன்று இருக்கிறது. லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். நெல் தூரின் அடியில் ஒட்டியிருக்கும் புகையான் பூச்சியின் கால் முள்வரை தெரியும். பல ஃபோகஸில் வரிசையாக எடுத்து ஒன்றாகச் சேர்த்து, முழுப் பூச்சியையும் தெளிவாகக் காட்டும் வேலையையும் உள்ளேயே செய்துகொள்ளும். இதை மட்டும் நம்பி, ஒரு நாளும் நனைக்காமல், இந்தக் கேமராவை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சேற்று வயலில் விழுந்தால் வாய்க்காலில் கழுவிக்கொள்ளலாம் என்பது உபரி.

கே: கோப்ரோ வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?
– ரீல்ஸ் பிரியர், புதுச்சேரி

ப: வீடியோவுக்கு அதுதான் சரி. பல மாடல்கள் உறையில்லாமலே 10 மீட்டர் போகும். ஆனால் லென்ஸால் இழுக்கும் ஸூம் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது, எல்லாவற்றையும் அகலமாகவே பார்க்கும். அத்தையைத் தனியாக எடுக்க நினைத்தால் அத்தை, அத்தை வீடு, தெரு மூவரும் வருவார்கள்.

கே: அப்பாவின் பீரோவில் 2005 வாக்கில் வாங்கிய ஒல்லிக் கேமரா கிடைத்தது. இப்போது இதுதான் ட்ரெண்ட் என்கிறார்கள் தோழிகள். நிஜமா?
– பி.காம். இரண்டாம் ஆண்டு, அண்ணா நகர்

ப: நிஜம். ஃப்ளாஷ் முகத்தில் அறைந்து பின்னணி கறுத்துப்போகும் அந்த அழகுக்காகத் தேடித் தேடி வாங்குகிறார்கள். கேனன், தன் 2016 வருடத்து ஒல்லி ஒன்றையே 2025இல் தூசி தட்டி மறுபடி விற்பனைக்கு விட்டது. பீரோவில் கிடைத்ததை விடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். புது 64 ஜிபி கார்டைச் செருகிவிட்டு கேமரா செத்துவிட்டது என்று அழவும் வேண்டாம். அந்தக் காலத்து ஒல்லிகளில் பல, 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்கவே படிக்காது. எக்ஸ்டி கார்டு போடும் ஒலிம்பஸ் என்றால், முதலில் கார்டு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஆரம்ப காலத்திலேயே தண்ணீருக்கடியில் படம் எடுத்த புண்ணியவான் யார்?
– பொது அறிவுப் பிரியர், சிவகாசி

ப: லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளரை முன்னோடி என்பார்கள். 1893இல் பிரான்ஸின் பன்யூல்ஸ் கடலில் எடுத்தார். பாக்கெட்டில் அல்ல, பெட்டியில்.

கே: அவசரம்! என் சாதாரண ஒல்லிக் கேமரா நேற்று தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறேன். எப்போது எடுக்கலாம்?
– பதற்றத்தில் இருப்பவர், காட்பாடி

ப: இப்போதே. அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிட அதன் மாவு லென்ஸ் குழலுக்குள் போவதுதான் அதிகம். 2024இல் ஆப்பிளே, நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள் என்று எழுதிவைத்தது. பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள், ஆன் ஆகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்காதீர்கள், மூடியைத் திறந்தபடி மின்விசிறிக்கு எதிரே வையுங்கள், ஹேர் டிரையரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். நாளை காலை சர்வீஸ் சென்டர். அரிசியை உலையில் போடுங்கள், கேமரா விழுந்த கவலையில் ராத்திரி பட்டினி கிடக்க வேண்டாம்.